பிறவியிலேயே அடைபட்ட வழி: வளரிளம் பெண்களுக்கான அறுவையும் பின்கவனிப்பும்

பெண் கருவுக்கு ஆறு வாரம் ஆகும்போது அதன் உடலில் நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு மெல்லிய குழாய்கள் உருவாகின்றன. 1830-இல் இவற்றை விவரித்த ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லரின் பெயரால் இவை முல்லேரியன் குழாய்கள் எனப்படுகின்றன. இவற்றின் மேற்பகுதிகள் தனித்தனியே நின்று கருக்குழாய்கள் ஆகின்றன. கீழ்ப்பகுதிகள் நடுவில் வந்து ஒட்டி, இடைச்சுவர் கரைந்து, ஒரே கருப்பையாகவும் யோனியின் மேற்பகுதியாகவும் மாறுகின்றன. யோனியின் கீழ்ப்பகுதியோ வேறொரு மூலத்திலிருந்து, சிறுநீர்ப்பையை உண்டாக்கும் அதே திசுவிலிருந்து, மேல்நோக்கி வளர்ந்து வருகிறது. இரண்டும் சேரும் இடத்தில் முதலில் திடமான திசுத் தண்டுதான் இருக்கும். ஐந்தாம் மாத வாக்கில் அது உள்ளே குடைந்து வழியாகிறது. மலையின் இரு பக்கமிருந்தும் சுரங்கம் தோண்டி நடுவில் சந்திக்க வைப்பது போன்ற வேலை இது.

பெரும்பாலான கருக்களில் இந்தச் சந்திப்பு பிசகில்லாமல் நிகழ்கிறது. பிசகும்போது, எந்த இடத்தில் எந்த வாரத்தில் வேலை நின்றது என்பதைப் பொறுத்துக் குறையின் உருவம் அமைகிறது. வாசலில் உள்ள கன்னித்திரை திறக்காமல் போகலாம். வழியின் நடுவே குறுக்குச் சுவர் நிற்கலாம். இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள சுவர் கரையாமல் நெடுக்குச் சுவராகத் தங்கலாம். கீழ்ப்பகுதி மட்டும் உருவாகாமல் போகலாம். அரிதாகக் கருப்பையும் யோனியும் சேர்ந்தே உருவாகாமல் போவதும் உண்டு. சிறுநீரகமும் அதே நாட்களில் அதே பக்கத்துத் திசுவோடு ஒட்டி வளர்வதால், இந்தப் பெண்களில் கணிசமானோருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலோ இடம் மாறியோ இருக்கிறது. ஆகவே எந்த வகைக் குறை என்று தெரிந்தாலும் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது தவிர்க்கக்கூடாத முதல் வேலை. கருவுற்றிருந்தபோது தாய் உண்டதோ, உழைத்ததோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ இதற்குக் காரணம் அல்ல. மருத்துவர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல தாய்மார் அந்தக் குற்ற உணர்வைச் சுமந்துகொண்டுதான் அறைக்குள் வருகிறார்கள்.

பிறந்த குழந்தையிடம் இவை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வெளியுறுப்புகள் இயல்பாகவே இருக்கும். பருவ வயதில்தான் விஷயம் வெளிப்படுகிறது. கருப்பை இயங்கி, வழி மட்டும் அடைபட்டிருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. வெளியே வர வழியற்ற இரத்தம் யோனியில் தேங்கி அதை ஒரு பையாக விரிக்கிறது. பிறகு கருப்பையிலும் கருக்குழாய்களிலும் நிறைகிறது. மாதத்துக்கு ஒருமுறை அடிவயிற்றில் வலி, அது மாதாமாதம் கூடுதல், இடுப்புவலி, மலச்சிக்கல் என்று தொடங்கி, ஒருநாள் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறாள். குடல்வால் அழற்சி என்றோ சிறுநீர்த் தொற்று என்றோ மருந்து கொடுத்து அனுப்பப்பட்ட பெண்களும் உண்டு. 12, 13 வயதுப் பெண் வயிற்றுவலி என்று வந்தால், மார்பு வளர்ந்திருக்கிறதா, மாதவிடாய் வந்துவிட்டதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பாதி வழி தெளிவாகிவிடும்.

கருப்பையே இல்லாத பெண்ணுக்குப் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. மார்பும் உடலும் இயல்பாக வளர்ந்தும் அவள் வயதுக்கு வரவில்லை என்பதே ஒரே அறிகுறி. தமிழ்க் குடும்பங்களில் பூப்பு என்பது சுற்றத்தை அழைத்துச் சடங்கு செய்யும் நிகழ்ச்சி. அது தள்ளிப்போனால் வீடு முழுவதும் கவலை கொள்கிறது. நேர்த்திக்கடனிலும் நாட்டு மருந்திலும் ஆண்டுகள் கழிகின்றன. 15 வயது நிறைந்தும், அல்லது மார்பு வளரத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியும் மாதவிடாய் வராவிட்டால் பரிசோதனை தேவை என்பது மருத்துவ நெறி. 13 வயது வரை மார்பு வளர்ச்சியே தொடங்காவிட்டாலும் அப்படியே.

பரிசோதனை என்றதும் பெண்ணும் தாயும் அஞ்சுவது இயற்கை. அந்த அச்சம் தேவையில்லை. வெளியுறுப்பைக் கண்ணால் பார்ப்பது, வயிற்றை அழுத்திப் பார்ப்பது, வயிற்றின் மேலிருந்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பது ஆகியவற்றிலேயே பெரும்பாலும் அடிப்படை தெரிந்துவிடும். சுவர் எவ்வளவு தடிமன், வாசலிலிருந்து எவ்வளவு தொலைவு, கருப்பை வாய் இருக்கிறதா என்பவற்றை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டுகிறது. அறுவை எதுவானாலும் இந்தப் படங்கள் கையில் இல்லாமல் கத்தியை எடுக்கக்கூடாது. தேங்கிய இரத்தத்தை ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு. இரத்தம் முழுவதும் வராது. ஊசித் துளை வழியே கிருமி நுழைந்து, தேங்கிய இரத்தம் சீழாக மாறும். அதன்பின் செய்யும் முறையான அறுவையும் கடினமாகிவிடும்.

இவற்றுள் அடிக்கடி காணப்படுவதும் எளிதில் தீர்வதும் கன்னித்திரை அடைப்புதான். வாசலில் நீலம் பாய்ந்த சவ்வு வெளியே புடைத்து நிற்கும். முழு மயக்கத்தில், சவ்வை நீள்வட்டமாகவோ, யு எழுத்து வடிவிலோ, குறுக்கும் நெடுக்குமாகவோ வெட்டி, மிகுதித் திசுவை நீக்கி, விளிம்பைக் கரையும் நூலால் தைப்பார்கள். வெறுமனே ஒரு துளை போட்டு இரத்தத்தை வடித்தால் போதாது. அது மீண்டும் மூடிக்கொள்ளும், தொற்றும் வரும். கெட்டியான, சாக்லேட் நிற இரத்தம் அறுவை மேசையிலேயே பெருமளவு வெளியேறும். மிச்சம் சில நாட்கள் கசியும். கருப்பையை அழுத்திப் பிதுக்கக்கூடாது, உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவவும் கூடாது. பெண் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். வலி மாத்திரை, வெதுவெதுப்பான நீரில் உட்காருதல், மரத்துப்போகச் செய்யும் களிம்பு, சில வாரங்களுக்குப் பின் ஒரு பரிசோதனை ஆகியவையே பின்கவனிப்பு. இந்த அறுவையைச் செய்ய நல்ல காலம் பருவமடைந்த பிறகு. ஈஸ்ட்ரோஜன் ஊறிய திசு நன்றாக ஆறும். அடைப்பு சிறு வயதிலேயே தற்செயலாகத் தெரிந்து, தொல்லை எதுவும் இல்லையென்றால் அதுவரை காத்திருக்கலாம்.

இந்த அறுவையைப் பற்றிப் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பெண்ணின் கன்னிமை என்னவாகும்? கன்னித்திரையின் தோற்றத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. அப்படிச் சோதிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று கூறி, 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் அதை முற்றாகக் கைவிடச் சொல்லிவிட்டன. ஆனாலும் அந்தத் தாயின் பயம் உண்மையானது. திருமணத்தின்போது யாரேனும் கேள்வி எழுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதை அலட்சியப்படுத்தாமல் பதில் சொல்லி, அறுவையின் காரணத்தைத் தெளிவாக எழுதிய சுருக்கத்தைக் கையில் கொடுப்பது நல்லது.

குறுக்குச் சுவர் முற்றிலும் வேறு விஷயம். 30,000 முதல் 80,000 பெண்களில் ஒருவருக்குத்தான் இது வருகிறது என்பதால், பல மருத்துவர்கள் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றையோ இரண்டையோதான் பார்த்திருப்பார்கள். கன்னித்திரை அடைப்பு என்று நினைத்து இரவு நேரத்தில் அவசரமாக வெட்டத் தொடங்கி, உள்ளே தடித்த சுவர் இருப்பதைக் கண்டு பாதியில் நிறுத்தும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வாசலில் நீலச் சவ்வு புடைக்கவில்லை, ஆனால் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கிறது என்றால் அது குறுக்குச் சுவராகவோ கீழ்ப்பகுதி இன்மையாகவோ இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். இத்தகைய பெண்ணுக்கு முதல் அறுவைதான் மிகச் சிறந்த வாய்ப்பு. அது தவறினால் தழும்பு உண்டாகி வழி சுருங்கும். தழும்பின் மேல் செய்யும் இரண்டாவது, மூன்றாவது அறுவைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினம்.

அதனால் அவசரம் வேண்டாம் என்பதே இங்கு முக்கிய அறிவுரை. சிறுநீர் அடைத்திருந்தால் குழாய் போட்டு வெளியேற்றலாம். வலிக்கு மருந்து தரலாம். மாதவிடாயை ஹார்மோன் மாத்திரையாலோ ஊசியாலோ நிறுத்தி வைத்தால் மேலும் இரத்தம் சேராது. வாரங்களோ மாதங்களோ அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் படங்கள் எடுக்கலாம், அனுபவமுள்ள மையத்துக்கு அனுப்பலாம், பெண்ணிடம் பேசலாம். சீழ் பிடித்திருந்தால் மட்டும் காத்திருக்க முடியாது. அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர் கல்லூரி 2019-இல் வெளியிட்ட கருத்துரையும் இதே திசையில்தான் செல்கிறது. அவசரம் இல்லாத நிலையில் தகுந்த மையத்துக்கு அனுப்புவது கையாலாகாத்தனம் அல்ல. அந்தப் பெண்ணுக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி அதுதான்.

சுவர் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அதை முழுவதும் வெட்டி நீக்கி, மேல் யோனியின் விளிம்பையும் கீழ் யோனியின் விளிம்பையும் சுற்றிவரத் தைத்துவிடலாம். தையல் வளையமாக அமைந்தால் ஆறும்போது சுருக்குக் கயிறாக இறுகும். அதைத் தவிர்க்க இசட் வடிவில் மடிப்புகளை வெட்டிக் கோக்கும் முறை கையாளப்படுகிறது. தடித்த சுவரில் இரு விளிம்புகளும் எட்டாமல் போகும். அப்போது மேல் யோனியைச் சுற்றிலும் விடுவித்துக் கீழே இழுக்க வேண்டும், அல்லது இடைவெளியில் வேறு திசுவை ஒட்ட வேண்டும். தேங்கிய இரத்தம் மேல் யோனியை விரித்துக் கீழே தள்ளியிருப்பது இங்கே அனுகூலம். விரிந்த சுவர் இழுக்கப் போதுமான நீளம் தருகிறது. அந்த இரத்தத்தை முன்கூட்டியே வடித்துவிட்டால் இந்த அனுகூலம் போய்விடும். முன்னால் சிறுநீர்க்குழாயும் பின்னால் மலக்குடலும் ஒட்டியே இருப்பதால் அறுவையாளரின் விரல் மலக்குடலிலும் ஒரு குழாய் சிறுநீர்ப்பையிலும் இருந்து வழிகாட்டும்.

தடித்த சுவர் நீக்கப்பட்டபின் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை மென்மையான சிலிக்கான் மோல்டு உள்ளே இருக்க வேண்டும், அல்லது டைலேட்டர் எனப்படும் உருளைக் கருவியால் வழியை விரிவாக வைத்திருக்க வேண்டும். 13 வயதுச் சிறுமிக்கு இது எளிதல்ல. அவள் மனம் அதற்கு ஆயத்தமாகவில்லையென்றால், ஹார்மோனால் மாதவிடாயை நிறுத்தி வைத்து, பின்கவனிப்பைத் தானே ஏற்று நடத்தும் முதிர்ச்சி வரும்வரை அறுவையைத் தள்ளி வைப்பதே சரி. பின்கவனிப்பு நடக்காது என்று தெரிந்தும் செய்யும் அறுவை தழும்பை மட்டுமே விட்டுச் செல்லும். வலுக்கட்டாயமாகத் தாயைக் கொண்டோ செவிலியைக் கொண்டோ கருவியை நுழைக்கச் செய்வதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. அது உடலில் உண்டாக்கும் புண்ணைவிட மனத்தில் உண்டாக்கும் புண் ஆழமானது.

நெடுக்குச் சுவரில் ஏமாற்றும் வகை ஒன்று இருக்கிறது. கருப்பை இரண்டு; ஒரு பக்கத்து வழி திறந்திருக்கும், மறுபக்கம் மூடியிருக்கும்; மூடிய பக்கத்தில் சிறுநீரகம் இருக்காது. திறந்த பக்கத்தில் மாதாமாதம் இரத்தம் வருவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. வலி மட்டும் ஒவ்வொரு மாதமும் கூடும். சாதாரண மாதவிடாய் வலி என்று மாத்திரை தந்து காலம் போகும். சிறுவயதிலேயே ஒற்றைச் சிறுநீரகம் என்று தெரிந்த பெண் குழந்தையைப் பருவம் வந்ததும் ஸ்கேன் செய்து பார்ப்பது இந்தத் தாமதத்தைத் தடுக்கும். சிகிச்சை, இடைச்சுவரை ஒரே அறுவையில் அகலமாக வெட்டி நீக்குவது. இரு கருப்பைகளையும் காப்பாற்றலாம். பிற்காலத்தில் எதிலும் கரு தங்கலாம். அடைப்பு இல்லாத நெடுக்குச் சுவர் தொல்லை தராவிட்டால் அதைத் தொடவே வேண்டியதில்லை.

கருப்பை வாயே உருவாகாத நிலை இவை எல்லாவற்றிலும் கடினமானது. யோனிக்கும் கருப்பைக்கும் இடையே புதுவழி உண்டாக்கும் முயற்சிகளில் முன்பு தொற்று பரவி உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஆகவே நீண்ட காலம் கருப்பையை அகற்றுவதே பரிந்துரையாக இருந்தது. இன்று தேர்ந்தெடுத்த சிலருக்கு, தேர்ந்த கைகளில், இணைப்பு அறுவை செய்யப்படுகிறது.

கருப்பையும் யோனியின் பெரும்பகுதியும் உருவாகாத நிலைக்கு நான்கு மருத்துவர்களின் பெயர் உண்டு: 1829-இல் மேயர், 1838-இல் ரோக்கிடான்ஸ்கி, 1910-இல் கூஸ்டர், 1961-இல் ஹாவுசர். ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பெண்களில் ஒருவருக்கு இது உள்ளது. குரோமோசோம் பெண்ணுக்குரியது, சினைப்பைகள் இயல்பாக இயங்குகின்றன, மார்பும் உடல் வளர்ச்சியும் குறைவில்லை. இதே தோற்றத்துடன் வரும் இன்னொரு நிலையையும் பிரித்தறிய வேண்டும்: குரோமோசோம் எக்ஸ்-ஒய் ஆக இருந்து, ஆண் ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காததால் பெண்ணாக வளர்ந்தவர்கள். ஒரு குரோமோசோம் பரிசோதனையும் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் இதைத் தெளிவாக்கும்.

இந்தச் செய்தியைப் பெண்ணிடம் சொல்வதே சிகிச்சையின் முதற்படி. தாயிடம் மட்டும் தனியே சொல்லிப் பெண்ணை வெளியே உட்கார வைக்கும் வழக்கம் மருத்துவமனைகளில் இன்னும் இருக்கிறது. அவளுடைய உடலைப் பற்றிய உண்மையை அவளிடம் மறைப்பது பின்னாளில் நம்பிக்கையை முறித்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல், அவள் கேட்கக் கேட்க, பல சந்திப்புகளில் சொல்வது நல்லது. அவள் பெண்தான், சினைப்பைகள் வேலை செய்கின்றன, ஹார்மோன் குறையவில்லை, மாதவிடாயும் கருச்சுமத்தலும் மட்டும் இல்லை என்பதை முதலில் அவள் கேட்க வேண்டும். மனநல ஆலோசகரும், அதே நிலையுள்ள மூத்த பெண் ஒருவரின் அறிமுகமும் எந்த அறுவைக்கும் முன்பே தேவை.

யோனி வழியை உண்டாக்க முதல் தேர்வு அறுவை அல்ல. 1938-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க், வாசலிலுள்ள சிறு குழிவை உருளைக் கருவியால் மெல்ல அழுத்தி ஆழப்படுத்தும் முறையை விவரித்தார். திசு மெல்ல மெல்லத் தளர்ந்து நீளும். பெண் தானே, தன் கையால், நாளுக்கு ஒன்று முதல் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 30 நிமிடம் வரை செய்வாள்; மாதங்கள் ஆகும். சரியாகச் சொல்லிக்கொடுத்துத் துணை நின்றால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்கு இது பலனளிக்கிறது என்பதால், 2018-இல் வெளியான அதே அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் இதையே முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. எப்போது தொடங்குவது என்பதை அவள் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று பெற்றோர் விரைவுபடுத்துவதும், தேதிக்குள் முடித்துத் தரச் சொல்வதும் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. எங்கே நடந்தாலும் அது தோல்விக்கே வழி.

இம்முறை பலிக்காதவர்களுக்கும், நன்கு அறிந்து வேண்டாம் என்பவர்களுக்கும் அறுவை உண்டு. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே வெளி உண்டாக்கி, தொடைத் தோலை மோல்டின் மேல் சுற்றி உள்ளே வைக்கும் முறையை நியூயார்க்கில் ராபர்ட் அபே 1898-இல் செய்தார். அதைச் செப்பனிட்டுப் பரப்பியவர் லண்டனில் பணியாற்றிய நியூசிலாந்துக்காரர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. இரண்டாம் உலகப் போரில் தீக்காயமுற்ற விமானிகளின் முகங்களைச் சீரமைத்த அதே மருத்துவர். இந்தியாவில் பல அறுவையாளர்கள் தோலுக்குப் பதிலாகப் பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைப் பயன்படுத்துகிறார்கள். தொடையில் வடு விழாது, செலவும் இல்லை. ஆனால் சவ்வைத் தரும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லையென்று உறுதி செய்தாக வேண்டும். இத்தாலியில் வெக்கியெத்தி 1965-இல் வகுத்த முறையில், வாசலில் வைத்த ஆலிவ் காய் வடிவ மணியை வயிற்றுச் சுவர் வழியே வரும் நூல்கள் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மேலே இழுக்கின்றன. ஒரு வாரம் போலாகும். வயிற்றறையின் உட்சவ்வைக் கீழே இழுத்துத் தைக்கும் ரஷ்யர் தாவிதோவின் முறை இன்று லேப்ராஸ்கோப் வழியாகச் செய்யப்படுகிறது. பெருங்குடலின் ஒரு துண்டை இரத்த ஓட்டத்தோடு இறக்கி வைப்பதும் உண்டு. அதில் சுருக்கம் குறைவு, ஆனால் வயிற்று அறுவை பெரிது, சளி போன்ற கசிவு நீடிக்கும், வாசலில் இறுக்கமும் வரலாம்.

குடல் முறை தவிர மற்ற எல்லாவற்றிலும் பலனைத் தீர்மானிப்பது அறுவைக்குப் பிந்தைய மாதங்கள்தான். தோல் ஒட்டிய பின் முதல் வாரம் பெண் படுக்கையில், சிறுநீர்க் குழாயுடன், மோல்டு உள்ளேயே இருக்கும்படி இருப்பாள். மலம் இறுகாமல் உணவு தரப்படும். பிறகு மயக்கத்தில் மோல்டை எடுத்து ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் கழிவறைக்குப் போகும் நேரம் தவிர மோல்டு உள்ளே இருக்க வேண்டும். அடுத்த சில மாதங்கள் இரவில் மட்டும். சில வாரங்கள் விட்டுவிட்டால்கூட ஒட்டிய தோல் சுருங்கி வழி மூடத் தொடங்கும். கழுவுவது, களிம்பு இடுவது, திரும்ப வைப்பது எல்லாவற்றையும் அவளே செய்து பழக வேண்டும். பூட்டுள்ள குளியலறையும் தனி அறையும் இல்லாத வீட்டிலும், விடுதியிலும் இது எப்படி நடக்கும் என்று அறுவைக்கு முன்பே கேட்டறியாத மருத்துவர் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார். மாதம் ஒருமுறை ஒரே செவிலியைச் சந்திக்க முடிந்தால், பெண்கள் இடையில் விட்டுவிடுவது குறைகிறது.

வலியோ அடைப்போ இல்லாத நிலையில் அறுவை எப்போதும் காத்திருக்கலாம். சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் பெற்றோரின் ஒப்புதல் தேவை. ஆனால் பெண்ணின் சம்மதமும் அதோடு வேண்டும். மதுரையிலுள்ள சென்னை உயர் நீதிமன்றக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலுறுப்பை மாற்றியமைக்கும் அறுவைகளை, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, தமிழக அரசு அதே ஆண்டில் தடை செய்தது. உடல் யாருடையதோ அவர் முடிவெடுக்கும் வயது வரும்வரை பொறுப்பது என்ற அந்தக் கொள்கை இங்கும் பொருந்துகிறது.

குழந்தை பற்றிய கேள்வி சீக்கிரமே வரும். அடைப்பு நீக்கப்பட்ட பெண்களில் பலர் இயல்பாகவே கருவுறுகிறார்கள்; இரத்தம் பின்னோக்கிச் சென்றதால் உண்டாகும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு வெளியே படிந்து வளர்தல்), வழி திறந்தபின் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தடித்த சுவர் நீக்கப்பட்டவர்களுக்குப் பிரசவம் சிசேரியனாக அமைவதுண்டு. கருப்பை இல்லாத பெண்ணின் சினைமுட்டையைக் கொண்டு சோதனைக்குழாய் முறையில் கருவை உருவாக்கி வாடகைத் தாய் சுமக்கலாம். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பணம் பெறாத வாடகைத் தாய்மையை மட்டும் அனுமதிக்கிறது. கருப்பை இன்மை அதற்கான மருத்துவக் காரணங்களில் ஒன்று. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பிறவியிலேயே கருப்பை இல்லாத பெண், 61 வயதுத் தோழி தந்த கருப்பையில் கருவைச் சுமந்து, 2014 செப்டம்பரில் குழந்தை பெற்றார். உலகில் அதுவே முதல் முறை.

அறுவையால் உண்டாக்கிய புதுவழி எந்தத் திசுவால் ஆனதாயினும் அதில் பிற்காலத்தில் அரிதாகப் புற்று தோன்றியிருக்கிறது. பாலியல் தொற்றும் வரலாம். எனவே எச்.பி.வி. தடுப்பூசியும் ஆண்டுக்கொரு பரிசோதனையும் இந்தப் பெண்களுக்கும் உண்டு. குழந்தை அறுவைப் பிரிவிலிருந்து மகளிர் பிரிவுக்கு மாறும் வயதில் பலர் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த மாற்றத்தின்போது அவள் கையில் ஒரு கோப்பு இருக்க வேண்டும்: குறையின் பெயர், எம்.ஆர்.ஐ. படங்கள், செய்த அறுவையின் விவரம், பயன்படுத்திய திசு, சிறுநீரகங்களின் நிலை, குரோமோசோம் முடிவு. ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர் அதை எந்த மருத்துவரிடமும் முதலில் சொல்ல வேண்டும் என்பதும், இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை.